பதில் சொல்ல வேண்டாம்

4 பிப்ரவரி 2025, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது. வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது என் பெண்டாட்டி வரலட்சுமி. "சும்மா விட்டத்தப் பாத்துக்கினு கெடக்கறதுக்கு எதையாவது எழுதுங்க" என்றாள். பத்தொன்பது வருடமாக நான் எழுதியது பறந்த மணிக்கணக்கு மட்டும்தான். இப்போது பறக்கவில்லை. அதனால் மற்றதை எழுத வேண்டியிருக்கிறது.

நடந்தது சுருக்கமாக: ஜனவரி 23, வியாழக்கிழமை காலை. நான் விமானப் பயிற்சியாளன். சுடர்விழி என் மாணவி, இருபத்துமூன்று வயது. மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்து இறங்கும் பயிற்சி. அதற்காக ஒரு ராணுவ விமானத் தளத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனோம். ஓட்டியது அவள். பக்கத்தில் நான். ஓடுபாதைக்கு முந்நூறு மீட்டர் முன்னாலேயே தரையில் மோதினோம்.

எனக்கு மணிக்கட்டு. அவளுக்கு முதுகெலும்பும் தலையும். பன்னிரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நான் லாஸ்பேட்டை வீட்டில் உட்கார்ந்து, பெண்டாட்டி ஊட்டிவிட ரசம் சாதம் சாப்பிடுகிறேன்.

6 பிப்ரவரி, வியாழன்

இன்றும் கண் திறக்கவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரே வேதம்: கட்டுப்பாட்டு அறை சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இரண்டாயிரம் அடிக்கு இறங்கு" என்று அவர்கள் சொன்னால் "இரண்டாயிரம் அடிக்கு இறங்குகிறேன்" என்று நாம் சொல்ல வேண்டும். சொல்லாதவனை நான் வகுப்பிலேயே எழுப்பி நிற்கவைப்பேன். பிள்ளைகள் எனக்கு 'ரிப்பீட்டு சார்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

ராணுவத் தளத்தில் கதை வேறு. அங்கே ரேடார் முன்னால் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, பார்வையில்லாதவரைத் தெருவைத் தாண்டவைப்பது போல, குரலாலேயே நம்மை இறக்குவார். "கொஞ்சம் இடது. சரியாக வருகிறாய். சற்றுத் தாழ்வு." தாழ்வு என்றால், இருக்க வேண்டிய உயரத்துக்குக் கீழே போய்விட்டோம் என்று அர்த்தம். மூச்சுவிடாமல் பேசுவார். தொடங்கும்போதே சொல்லிவிடுவார்: இனிமேல் பதில் சொல்ல வேண்டாம். காரணம் இருக்கிறது. நாம் பொத்தானை அழுத்திப் பேசினால் அவர் பேசுவது நமக்குக் கேட்காது. இன்னொரு விதி: அந்தக் குரல் ஐந்து நொடி கேட்கவில்லை என்றால் யோசிக்கவே கூடாது. இறங்குவதை விட்டுவிட்டு மேலே ஏறிவிட வேண்டும்.

அன்றைக்குப் பேசியது ஒரு பெண் அதிகாரி. நிதானமான குரல். "பதில் சொல்ல வேண்டாம்" என்றார். புரிந்தது. ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். பிறகு "சற்றுத் தாழ்வு" என்றார். என் விரல் அழுத்தியது. வாய் "ராஜர், சற்றுத் தாழ்வு" என்று திருப்பிச் சொன்னது. பத்தொன்பது வருடப் பழக்கம், என்னைக் கேட்கவில்லை.

அதோடு விரலை எடுத்திருந்தாலும் பிழைத்திருப்போம். உயரம் காட்டும் முள் மளமளவென்று இறங்குவதைப் பார்த்தேன். பயத்தில் என் பக்கத்துக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொத்தான் ஸ்டிக்கில், கட்டைவிரலுக்கு அடியில்தான் இருக்கிறது. விரல் எடுபடவே இல்லை. காதில் ஒன்றுமே இல்லை. அந்த அம்மா ஏதாவது சொல்லட்டும், சொல்லட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவன் நான்தான்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் வாக்குமூலம் வாங்க வந்தவர்களிடம் 'சரியாக ஞாபகமில்லை' என்று சொன்னேன். எல்லாம் ஞாபகமிருக்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

கண் திறந்துவிட்டாள்! அவள் அம்மா கொளஞ்சி போன் செய்தார். அழுகையில் முதலில் எனக்குக் கெட்ட சேதி என்றே கேட்டது. வரலட்சுமி சாமி விளக்கை ஏற்றினாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

15 பிப்ரவரி, சனி

கோரிமேடு போய் வந்தேன். வார்டு வாசலிலேயே கொளஞ்சியம்மா என் இடது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைத்திக்குப்பத்துக்காரர், நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் விற்கிறார். கணவர் இல்லை. ஒரே பெண்.

"ஒடிஞ்ச கையோட எம் பொண்ண வெளிய இழுத்துப் போட்டீங்களாமே சாரு. பேப்பர்ல போட்டுருக்கான். நீங்க நல்லா இருக்கணும்."

இழுத்துப் போட்டது உண்மை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இந்தக் குதிரை கீழே தள்ளிவிட்டு, மாலையையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது.

சுடர்விழிக்குத் தலையில் கட்டு. கழுத்துக்குக் கீழே அசைக்கக் கூடாது என்று இரண்டு பக்கமும் தலையணை. அன்று காலை லாஸ்பேட்டையில் விமானத்தில் ஏறியது வரை ஞாபகமிருக்கிறதாம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

"சார், நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டனா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா."

அப்புறம்! அப்புறம் என்றால் எப்போது? எனக்கே தெரியாத ஒரு நாளுக்கு வாய்தா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

21 பிப்ரவரி, வெள்ளி

பயிற்சிப் பள்ளியின் தலைவர் முருகையன் வந்தார். ஒரு பை ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"தளத்து டேப்ப கேட்டுட்டாங்களாம் தேவா. அந்தம்மா நிறுத்தாம பேசிக்கினுதான் இருந்துருக்காங்க. 'மேல ஏறு, மேல ஏறு'ன்னு நாலு தபா. ரேடியோவும் நல்லா இருக்குது. அப்ப என்ன அர்த்தம்? புள்ள பயத்துல உறைஞ்சி போச்சு. நீ கன்ட்ரோல வாங்கறதுக்குள்ள தரை வந்துட்ச்சு. அவ்ளோதான் விஷயம்."

"அவ நல்லா ஓட்டறவ."

"யாரு இல்லன்னா? பழகறப்ப தப்பு வர்றது சகஜம்ப்பா. அவளுக்கு ஒண்ணும் ஆவாது. ஒனக்குன்னா லைசென்ஸ் போயிடும், பள்ளிக்கூடத்தையும் மூடுவான். வாய மூடிக்கினு இரு."

நாலு தடவை சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. நாலு தடவை. எங்கள் சின்ன விமானத்தில் குரல் பதிவுப் பெட்டி கிடையாது. என் விரல் எங்கே இருந்தது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி என் விரல்தான்.

முருகையன் போன பிறகு ஆரஞ்சைத் தொடவில்லை. வரலட்சுமி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

27 பிப்ரவரி, வியாழன்

மாவுக்கட்டு பிரித்தார்கள். கை சூம்பிப்போயிருக்கிறது. கட்டைவிரல் மட்டும் நன்றாக மடங்குகிறது, சனியன்.

5 மார்ச், புதன்

சுடர்விழியைச் சாய்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். கால் விரல் லேசாக அசைகிறது. நான் போனதும் சிரித்தாள்.

"எழுதிக் குடுத்துட்டேன் சார்."

"என்னத்தம்மா?"

"என்மேலதான் தப்புன்னு. முருகையன் சார் வந்தாரு. எனக்கு ஞாபகம் இல்லன்னு சொல்லிக்கினே இருந்தா உங்க மேல சந்தேகம் திரும்புமாம். உங்க லைசென்ஸ் போயிடக் கூடாதுல்ல சார். எனக்கு இன்னும் வயசு இருக்குது, மறுபடி ஏறிப்பேன்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். பாவத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பழி சிரிக்கிறது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'உடம்பப் பாத்துக்கம்மா' என்றேன். அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கி, பஸ் ஏறி, ராஜீவ் காந்தி சிக்னலில் இறங்கி, வீடு வரை நடந்தே வந்தேன். செருப்பைக் கழற்றி அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதையும் செய்யவில்லை. நான் எதைத்தான் செய்திருக்கிறேன்?

12 மார்ச், புதன்

மாசி மகம். ஊரே வைத்திக்குப்பம் கடற்கரையில். காலையிலிருந்து மேளச் சத்தம். பதினொரு மணிக்குக் கொளஞ்சியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், கடலாடிய சாமியின் திருநீறோடு. ஈரத் தலை, ஈரப் புடவை.

"அவளுக்கு வேண்டிக்கினேன். அப்டியே ஒங்க கைக்கும் வேண்டிக்கினேன் சாரு" என்று சொல்லி, மணிக்கட்டில் அவரே பூசிவிட்டார்.

அவர் போனதும் வரலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முழுதும் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத்தன நாளா அந்தம்மா கையால மீன் கொழம்பு வாங்கித் தின்னீங்களே. நானும் தின்னேனே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சொல்ல வேண்டிய எடம் வேற" என்றாள்.

இரவு அவள் சாப்பிடவில்லை.

18 மார்ச், செவ்வாய்

சென்னைக்குப் போய் விசாரணை அதிகாரி ஆனந்தராஜைப் பார்த்தேன். சொல்லிவிட்டேன். பழக்கத்தில் பதில் சொன்னேன், விரலை எடுக்கவில்லை, அதனால்தான் குரல் கேட்கவில்லை, மாணவி மேல் தப்பில்லை. வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனதைத் தடுமாறாமல் ஒப்பித்தேன்.

நம்பவில்லை!

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்க நல்ல மனசு புரியுது கேப்டன். ஒடிஞ்ச கையோட தூக்கிட்டு வந்தவர் நீங்க. அந்தப் பொண்ணு எதிர்காலம் போயிடக் கூடாதுன்னு பாக்கறீங்க. ரெண்டு மாசம் ஞாபகமில்லாதது இப்ப எப்படி ஞாபகம் வந்துச்சு? அவங்களே எழுதிக் கொடுத்த பிறகு?"

"டேப்ல இருக்குமே சார். அந்தம்மா பேசறப்ப எங்க சத்தம் அங்க கேக்காது, அவங்க மூச்சு வாங்கற இடைவெளியில என் சத்தம் விழுந்திருக்கும்."

டேப்பைக் கேட்டு வடக்கத்திக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த தாளைக் காட்டினார். ஆனந்தராஜே டேப்பைக் கேட்கவில்லையாம், தாளைத்தான் படித்தாராம். கடைசிப் பக்கத்தில் அந்த அம்மாவின் வரிகளுக்கு நடுவில் இரண்டே இடத்தில் வேறு சத்தம். ஒன்று, 'இரைச்சல்'. இன்னொன்று, 'டாட்டா சார்'.

"பாருங்க, வேற எவனோ டாட்டா சொல்லிட்டுப் போறான். அலைவரிசை குறுக்கீடு. உங்க சத்தம் எங்க இருக்கு?" என்றார். டீ வரவழைத்துக் கொடுத்தார். போகும்போது ஓய்வெடுக்கச் சொன்னார்.

19 மார்ச், புதன்

நேற்றைக்கு மரக்காணம் தாண்டி பஸ் வந்துகொண்டிருந்தபோது புரிந்தது. நேற்று இதை மட்டும் எழுத முடியவில்லை.

அது டாட்டா இல்லை. 'ட்டா சார்'.

சுடர்விழி எதையும் என்னைக் கேட்காமல் செய்ய மாட்டாள். "சக்கரம் எறக்கிடட்டா சார்?" "வேகத்தக் கொறைச்சிடட்டா சார்?" அவளை அப்படிப் பழக்கியவன் நான். என்னைக் கேட்காமல் எதையும் தொடாதே என்று முதல் நாளே சொல்லித்தான் எல்லோரையும் ஏற்றுவேன்.

"ஏறிடட்டா சார்?"

கேட்டாள். அவள் கேட்டாள்! குரல் நின்று ஐந்து நொடி ஆனதும் விதிப்படி ஏறப் பார்த்திருக்கிறாள். கத்தித்தான் கேட்டிருக்க வேண்டும், என் மைக்கிலேயே விழுந்திருக்கிறதே. எல்லாம் ஞாபகமிருக்கிறது என்று எழுதிய எனக்கு, நேற்று பஸ்ஸில்தான் அந்தக் குரல் அப்படியே காதில் வந்தது. கூடவே நான் சொன்ன பதிலும் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

விரல் பழக்கம், பயம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். பழக்கம் யாருக்கும் இருக்கும், பயம் யாருக்கும் வரும். இதுக்கு என்ன பேரு? என்ன பேருன்னு கேக்கறேன்.

26 மார்ச், புதன்

ஒரு வாரமாக வெளியே போகவில்லை. ஒரு கணக்கில் நான் தப்பித்துவிட்டேன். போனேன், உண்மையைச் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை. யார் கேட்டாலும் சொல்லலாம். டாட்டா டாட்டாவாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அவளே தன்மேல் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டாள், ஆறு மாதத்தில் மறுபடி ஏறுவாள், எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். நான் கூடத்தையே அவள் தலையில் இடித்துத் தள்ளிவிட்டு, கோணல் அவள் என்கிறேன்.

சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரைப் பார்த்தால் நல்ல எண்ணம் வரவில்லை. வரலட்சுமி பின்னாலேயே வந்து நிற்கிறாள் என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் ஸ்கூட்டரில் உட்காரவைத்து அழைத்து வந்தாள்.

1 ஏப்ரல், செவ்வாய்

ஆனந்தராஜுக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். 'டாட்டா சார்' என்பது தமிழ். தமிழ் தெரிந்தவர் காதால் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் இரைச்சலையும் கேட்க வேண்டும். இவ்வளவுதான் எழுதினேன். ஏப்ரல் ஒன்றாம் தேதி, நல்ல நாள் பார்த்திருக்கிறேன்.

10 ஏப்ரல், வியாழன்

கேட்டோம்.

அறையில் நான், ஆனந்தராஜ், ஒரு கம்ப்யூட்டர். அந்த அதிகாரியின் குரல் அன்று போலவே நிதானம். சற்றுத் தாழ்வு. மிகத் தாழ்வு. மேலே ஏறு. கடைசியில் அந்த நிதானம் உடைந்துவிட்டது. முதல் தடவையாகக் கேட்கிறேன். எனக்காகச் சொல்லப்பட்டது அத்தனையும், எழுபத்தேழு நாள் கழித்து.

அவர் மூச்சு வாங்கும் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு நொடிகூட இல்லை. முதல் இடைவெளியில் 'ராஜர்' என்பதில் 'ஜர்' என்று அரை வார்த்தை, என் குரல். இரண்டாவதில் தூரத்திலிருந்து வருவது போல அவள்: "—றிடட்டா சார்?"

ஆனந்தராஜ் மூன்று தடவை போட்டுக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏறிடட்டா சார்னு கேக்குது."

"ஆமா சார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டேப்ல இருக்கா சார்?"

"இல்ல. அவங்க மறுபடி பேச ஆரம்பிச்சுடறாங்க."

"அப்ப ஞாபகமில்ல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு அப்படியே எழுதிக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்தும், கடைசி ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டேன். உண்மையை எழுபத்தைந்து சதவீதம்தான் என்னால் சொல்ல முடியும் போலிருக்கிறது.

2 மே, வெள்ளி

கொளஞ்சியம்மா இப்போதெல்லாம் போனை எடுப்பதில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். முருகையனாகத்தான் இருக்கும். நானே சொல்லியிருக்க வேண்டும்.

24 ஜூன், செவ்வாய்

இறுதி அறிக்கை நேற்று வந்தது. மாணவி விதிப்படி மேலே ஏற அனுமதி கேட்டிருக்கிறார், அவர் மேல் தவறில்லை, முழுப் பொறுப்பும் பயிற்சியாளருடையது. என் உரிமம் ரத்து. படித்தபோது வலிக்கவில்லை.

சுடர்விழிக்கும் நேற்றே ஒரு கடிதம் வந்திருக்கிறது, மருத்துவக் குழுவிலிருந்து. விமானம் ஓட்ட நிரந்தரமாகத் தகுதியில்லை. பள்ளியில் வேலை செய்யும் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

இன்று காலை கோரிமேடு போனேன். நடைப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு வெளியே, சக்கர நாற்காலியில் இருந்தாள். கொளஞ்சியம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அறிக்கையின் நகல் அவள் மடியில் மடித்து இருந்தது.

"நான் கேட்டிருக்கேன்" என்றாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "நாலு மாசமா உங்களக் கொல்லப் பாத்தவ நான்தான்னு நெனச்சிக்கினு கெடந்தேன். தூக்கம் இல்ல. நான் கேட்டுருக்கேன், பாருங்க, இதுல போட்டுருக்கு."

"ஆமாம்மா. நீ சரியாத்தான் செஞ்ச."

"நீங்க என்ன சொன்னீங்க? அது மட்டும் இதுல இல்ல."

ஞாபகமில்லை என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் பார்ப்பது போல.

"இருன்னேன்."

"இருன்னா?"

"ஏறிடட்டா சார்னு கேட்ட. இருன்னு சொன்னேன். நீ இருந்த."

தாளை நாலாக மடித்தாள், பிறகு எட்டாக. உள்ளே யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"போலாம்மா" என்றாள் அவள் அம்மாவிடம்.

வாசல் சரிவில் நாற்காலிச் சக்கரம் மாட்டிக்கொண்டது. கொளஞ்சியம்மா தள்ளித் தள்ளிப் பார்த்தார். நான் ஓடிப்போய்ப் பிடியில் கை வைத்தேன்.

சுடர்விழி திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க இருங்க" என்றாள்.

கையை எடுத்துவிட்டேன்.